ஈரத் தரையும் நனைந்த ஆச்சியும்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் சபைப் பெண் ஒருவர் ஞாயிறு ஆராதனைக்கு வராமல் மூன்று மாதம் ஆகியிருந்தது. சுகமில்லையாக்கும் என்றார்கள் சிலர். வீட்டில் ஏதோ பிரச்சினை என்றார்கள் சிலர். "ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாங்கோ அக்கா" என்று போதகரின் மனைவி என்னைக் கேட்டார். நான் உளவளத்துணைப் பயிற்சி பெற்றவள். திருகோணமலையில் எங்கள் சபைக் குடும்பங்களைச் சந்திப்பது பல வருடமாக என் ஊழியம். ஒக்டோபர் கடைசியில் அந்த வீட்டுப் படியேறினேன். ஈஸ்டர் முடியும்வரை 11 முறை போய்வந்தேன்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் "இப்படி இல்லையக்கா, இதைவிட மோசம்" என்று சொல்லித் திருத்தித் தந்தார்.

கொப்பி

வீடு உவர்மலைப் பக்கம். கணவருக்குத் துறைமுகத்தில் முறை வேலை. மூத்த மகளுக்கு 9 வயது, இளையவனுக்கு 5. அவருக்கு 33. முன் அறையில் நான்கு கதிரைகள், நான்கிலும் வெள்ளை உறை. இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது. பிள்ளைகள் குசினி வாசலில் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராதனைக்கு வராததற்குக் காரணம், ஞாயிறு காலை எட்டரைக்குள் வீட்டு வேலை முடியாததுதான். முடியாத வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட அவருக்கு மனம் வரவில்லை.

விடிய 3.45க்கு எழும்புவார். முற்றம் கூட்டி, விறாந்தை கழுவி, டெட்டோல் கலந்த தண்ணீரில் தரை முழுக்கத் துடைப்பார். புட்டோ இடியப்பமோ, சம்பல், சொதி எல்லாம் அன்றன்று செய்ததாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையை உட்புறமும் திருப்பி இஸ்திரி போடுவார். பிள்ளைகள் திரும்பி வந்தால் வெளிக் குழாயில் கால் கழுவி, துடைத்து, அவர் பார்த்த பிறகுதான் உள்ளே வரலாம். பின்னேரம் மறுபடி தரை துடைப்பு.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இந்த ஊரில் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது லேசான வேலை இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் புழுதி. வாடை தொடங்கினால் மழை, பூஞ்சணம், காயாத உடுப்பு. செருப்போடு சேர்ந்து மணலும் வந்துவிடும். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்து, திரைச்சேலை மாற்றி, கேக் அடிக்கும் காலம் எங்களுக்கு மழையின் நடுப்பகுதி. இங்கே மாசில்லாத வீடு வேண்டும் என்றால் கடலோடு போட்டி போட வேண்டும். அவர் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சந்திப்பில் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைய வேலைகள். முடிந்ததற்கு நீலப் பேனையில் சரி, முடியாததற்குச் சிவப்பில் கோடு. சிவப்புக் கோடுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: இரவு படுக்கும்முன் முழங்கால் போட்டு, அந்தச் சிவப்புக் கோடு போட்டவற்றை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் வாசித்து மன்னிப்புக் கேட்பாராம். "குசினி அலுமாரி மேல்தட்டு துடைக்கேல்ல, மன்னியும். மகன்ர வெள்ளைச் சப்பாத்து காயேல்ல, மன்னியும்."

பாவ அறிக்கை நேரத்தில் வேறு என்ன சொல்வார் என்று விசாரித்தேன். வேறு எதற்கும் நேரம் இருப்பதில்லை என்றார். வந்த நித்திரையோடு அதற்குள்ளேயே தூங்கிவிடுவாராம்.

நவம்பர் மழை

நான்காவது சந்திப்புக்குச் சில நாள் முன்பு நடந்தது இது. அவர் வாயால் கேட்டபடி எழுதுகிறேன்.

பின்னேரம் நாலு மணியிருக்கும். நல்ல மழை. முன்வீட்டு ஆச்சி, எழுபது தாண்டியவர், தனியாக இருப்பவர், முருங்கையிலைக் கட்டு ஒன்றைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அடிக்கடி அப்படி எதையாவது கொண்டுவருபவர்தான். கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தால் பிள்ளைகளுக்கென்று பொங்கலும் கொண்டுவருவாராம். அன்று காற்று எதிர்ப்பக்கம் அடித்ததில் விறாந்தை முழுக்கச் சாரல். தரை அப்போதுதான் துடைத்தது.

"ஆச்சி, கொஞ்சம் நில்லுங்கோ, இப்பதான் துடைச்சனான்" என்று சொல்லி முருங்கையிலையை வாங்கிக்கொண்டார். துவாய் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவர், போகிற வழியில் மேசையடியில் ஒரு ஈரத் தடத்தைக் கண்டு அதைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அங்கிருந்து இன்னொன்று, அதன்பின் வாசற்படி விளிம்பு. எவ்வளவு நேரம் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் விறாந்தையில் ஆச்சி இல்லை. மழைக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தார்.

மூத்தவள் பாயில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "ஏனம்மா ஆச்சியை உள்ளுக்க விடேல்ல? அவ நனைஞ்சு போய் நிண்டவ" என்று கேட்டாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அவர் கையில் குசினித் துணி இருந்தது. அதை மடித்து மடித்து ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். "நான் அவவை விரட்டேல்ல அக்கா. துவாய் எடுக்கத்தான் போனனான்" என்று மூன்று முறை சொன்னார்.

எங்கிருந்து வந்தது

2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அப்போது 13 வயது. நிலாவெளி வீதியில் கரையோரமாக வீடு. அம்மா இரண்டு கிழமையாக வேலை செய்து வீட்டுக்கு வெள்ளையடித்து, புதுத் திரைச்சேலை போட்டு, முதல் நாள்தான் ஊராருக்குக் கேக் கொடுத்திருந்தார். காலையில் கடல் வந்தது. குடும்பத்தில் உயிர்ச் சேதம் இல்லை. மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம்.

பிறகு மாதக்கணக்கில் கூடாரம். அம்மா ஒவ்வொரு காலையும் அந்தக் கூடாரத்தின் மண் தரையை ஈர்க்குமாறால் கூட்டுவாராம். "கூடாரமெண்டாலும் கூட்டித்தான் இருக்கோணும். ஆக்கள் எங்களைப் பார்த்துப் பாவம் எண்டு சொல்லக் கூடாது" என்பது அவர் வாக்கு.

அந்த அம்மாவில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். எல்லாம் போன பிறகு, கையில் இருந்த ஒரு ஈர்க்குமாறால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றினார். மகள் அதைப் பார்த்து வளர்ந்தார். கூட்டிய தரை இருந்தால்தான் நாங்கள் இன்னும் மனிதர்கள் என்று அந்த 13 வயது மனதில் பதிந்தது. சுனாமி போய்க் கூடாரம் போய்க் கல்வீடு வந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. வீட்டுவேலையில் "எல்லாம் சரியாக இருக்க வேண்டும்" என்று நிற்கும் பெண்களைப் பெருமைக்காரி என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். இங்கே பெருமை இல்லை, பயம்தான் இருந்தது. பயத்தைப் பெருமை என்று கண்டித்தால் அது இன்னும் இறுகும்.

1991இல் கனடா நாட்டு உளவியலாளர்களான போல் ஹெவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் எதிலும் குறையே இருக்கக் கூடாது என்று நிற்கும் இந்தப் பரிபூரணவாதத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் தன்னிடமே குறையின்மையைக் கேட்பது ஒன்று, பிறரிடம் கேட்பது ஒன்று, பிறர் தன்னிடம் கேட்கிறார்கள் என்று நம்பி வாழ்வது இன்னொன்று. இவரிடம் கடைசி வகைதான் ஓங்கியிருந்தது. அந்தப் "பிறர்" வரிசையில் மாமியார் இருந்தார், அயல் இருந்தது, சபை இருந்தது, எல்லாருக்கும் முன்னால் ஆண்டவர் இருந்தார். என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான்.

ஒரு விஷயத்தையும் முதலிலேயே பார்த்துக்கொண்டேன். துடைக்காவிட்டால் யாராவது செத்துப்போவார்கள், நோய் தொற்றிவிடும் என்ற மாதிரி விடாத எண்ணம் வந்து, அதை அடக்கக் கழுவிக்கொண்டே இருப்பது வேறு விதமான நோய். அதற்கு வைத்தியம் வேண்டும். ஜெபமும் பேச்சும் மட்டும் போதாது. சந்தேகம் இருந்ததால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை கூட்டிப்போனேன். அந்த நோய் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். போக வெட்கப்படுகிறவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

வசனங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். ஒன்று, "சுத்தம் தேவபக்திக்கு அடுத்தது." இரண்டு, நீதிமொழிகள் 31இலிருந்து, "இரவிலே அவள் விளக்கு அணையாதிருக்கும்." மூன்று, மத்தேயு 5:48, "பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்."

முதலாவது வேதத்திலேயே இல்லை. மாமியார் வேதவாக்கியம் என்று சொல்லிக் கொடுத்தது. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். மெதடிஸ்த சபையின் தொடக்ககாரரான ஜோன் வெஸ்லி உடையைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் அந்த வாசகத்தைச் சொல்லியிருக்கிறார். அதே வெஸ்லி "கிறிஸ்தவ பூரணம்" என்று வாழ்நாள் முழுக்கப் போதித்தவர். அந்தப் பூரணம் தேவனையும் அயலானையும் முழு மனதோடு நேசிப்பது என்றார். அறியாமையும் தவறும் பலவீனமும் அதற்குப் பிறகும் மனிதனோடு இருக்கும் என்றும் தெளிவாகச் சொன்னார். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திகைப்பு. "அப்ப தவறு இருந்தும் பூரணமா?" என்று கேட்டார்.

நீதிமொழிகள் 31இல் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி 10ஆம் வசனத்திலிருந்து 31 வரை, 22 வசனம். எபிரெய நெடுங்கணக்கில் 22 எழுத்து. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். எங்கள் அகரவரிசைப் பாட்டைப் போல அது ஒரு புகழ்ப்பாட்டு. ஒரே பெண்ணின் ஒரே நாளுக்கான நேரசூசி இல்லை. 15ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன்: "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்." வாசித்துவிட்டு மேலே பார்த்தார். "அவவுக்கு வேலைக்காரிகள் இருந்தவையா?" 20ஆம் வசனத்தையும் அன்றே வாசித்தோம்: "சிறுமையானவர்களுக்குத் தன் கையைத் திறந்து, ஏழைகளுக்குத் தன் கரங்களை நீட்டுகிறாள்." அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

நான் விட்ட பிழை

அவசரப்பட்டு மூன்றாவது சந்திப்பிலேயே மார்த்தாள், மரியாள் பகுதியை எடுத்தேன். லூக்கா 10: இயேசு வீட்டுக்கு வந்தபோது சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே இருந்து கேட்க, மார்த்தாள் வேலையில் மூழ்கிய கதை. வீட்டுவேலையில் மூழ்கும் பெண்களுக்கு எல்லாரும் எடுக்கும் மருந்து அதுதானே. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று வாசித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆறுதல் அடைந்தார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "அப்ப நான் அதிலயும் பிழை, என்னக்கா?"

கொப்பியில் அன்றிரவு சிவப்பில் ஒரு வரி கூடியிருந்தது: "அமைதியாக இருக்கவில்லை."

ஏற்கெனவே குற்ற உணர்வில் அமிழ்ந்திருப்பவரிடம் மார்த்தாளைக் கொடுத்தால், அவர் அதையும் இன்னொரு வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார். இதை எங்கள் கூட்டங்களில் நாங்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன். பிறகு அதே பகுதிக்கு வேறு வழியால் போனோம். மார்த்தாள் வந்து கேட்டதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம்: "நான் தனியே." அவள் களைப்புக்குள் தனிமை இருந்தது. "உமக்குக் கவையில்லையா?" (அக்கறையில்லையா) என்று ஆண்டவரிடமே கேட்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. அவர் அவளை இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். யோவான் 11இல், சகோதரன் செத்த துக்கத்தில், இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்கிறவள் இதே மார்த்தாள். யோவான் 12இல் விருந்து. "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று எழுதியிருக்கிறது. அங்கே கலக்கம் பற்றிப் பேச்சில்லை. ஆண்டவர் அவள் கையிலிருந்து வேலையைப் பறிக்கவில்லை.

"அப்ப நான் சமைக்கலாம்" என்றார், சின்னப் பிள்ளை அனுமதி கேட்பது போல. சமைக்கலாம் என்றேன்.

மழையைப் பெய்யப்பண்ணுகிறவர்

மத்தேயு 5:48ஐக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஆச்சி வந்துபோன பிறகு அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. 43ஆம் வசனத்திலிருந்து வாசிப்போம் என்றேன். சத்துருக்களைச் சிநேகிப்பது பற்றிய பேச்சு அது. 45ஆம் வசனத்தில் பிதா "நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்." மூன்று வசனம் தாண்டித்தான் "பூரண சற்குணர்" வருகிறது. அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் தெலெயொஸ். முதிர்ந்தது, நிறைவுக்கு வந்தது என்று பொருள். எபிரெயர் 5:14இல் அதே சொல் "பூரண வயதுள்ளவர்கள்" என்று வருகிறது. இதே போதனையை லூக்கா எழுதும்போது, "உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல, நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள்" என்று முடிக்கிறார். பூரணம் என்று மத்தேயுவில் இருப்பது லூக்காவில் இரக்கம்.

நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விரல் 45ஆம் வசனத்திலேயே நின்றுவிட்டது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"ஆச்சி நனைஞ்சவ" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ஜெபம்கூடச் செய்யவில்லை. எழும்பிக் குடையை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனார். நான் அந்த வீட்டில் பிள்ளைகளோடு முக்கால் மணி நேரம் தனியாக இருந்தேன்.

ஒரு கோப்பை

வசனம் திறந்துவிட்ட வழியில் நடக்கக் கால் பழக வேண்டும். அதற்காகச் சின்னச் சின்னப் பரீட்சை வைத்தோம். இரவில் ஒரே ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவாமல் விட வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். காலையில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

முதல் இரவு பதினொன்றரைக்கு எழும்பிக் கழுவிவிட்டார். இரண்டாவது இரவும் அப்படித்தான். மூன்றாவது இரவு விட்டார். "எறும்பு வரும், மனிசர் முகம் சுளிப்பார், நான் நித்திரை கொள்ளமாட்டன்" என்று எழுதியிருந்தார். காலையில் எழுதியது: "எறும்பு வந்தது. அவர் காணவில்லை. மூன்று மணிவரை நித்திரை இல்லை, பிறகு ஆறு மணிவரை தூங்கிவிட்டேன்." ஆறு மணிவரை தூங்கியது கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

கணவரைப் பற்றியும் எழுத வேண்டும். நல்ல மனிதர். "விடுமன், ஆர் பார்க்கப் போயினம்" என்று எப்போதும் சொல்பவர். ஆனால் விடச் சொன்ன வேலையை அவர் எடுத்ததில்லை. அவரோடு தனியே இருமுறை பேசினேன். வேலையில் பாதியைத் தூக்காமல் "கவலைப்படாதே" என்று சொல்வது எந்தப் பெண்ணுக்கும் உதவாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வீட்டில் நிற்கும் நாட்களில் தேங்காய் துருவுவதும் மகனைக் குளிக்க வார்ப்பதும் அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. அவர் துருவும்போது ஓட்டின் கறுப்பும் சேர்ந்து வரும். அந்தச் சம்பலை ஒன்றும் பேசாமல் சாப்பிடுவதுதான் தன் வாழ்க்கையின் பெரிய சோதனை என்று மனைவி என்னிடம் கைகூப்பிச் சொன்னார்.

டிசம்பரில் கரோல் குழு வந்தது. முந்தின வருடங்களில் மூன்று வகைப் பலகாரமும் கண்ணாடிக் கிளாசும் இல்லாமல் அவர் கதவைத் திறந்ததில்லை. இம்முறை பிளேன்ரீ, மாரி பிஸ்கட், வாழைப்பழம். இருபது பேர் நனைந்த செருப்பும் கிற்றாருமாக முன் அறையில் நின்று பாடினார்கள். வெள்ளை உறைகளை முதல் நாளே கழற்றி வைத்திருந்தார். பாட்டு முடியும்வரை தரையைப் பார்க்காமல் இருக்க, சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். போன பிறகு ஒரு மணி நேரம் துடைத்தார். அதை நான் தோல்வி என்று எழுதவில்லை.

இப்போது

ஆராதனைக்கு மாதத்தில் மூன்று ஞாயிறாவது வருகிறார். விடிய 5 மணிக்கு எழும்புகிறார். கொப்பி இருக்கிறது, சிவப்புப் பேனை இல்லை. இரவு ஜெபத்தில் அலுமாரித் தட்டுகள் வருவதில்லை. அந்த இடத்தில் ஆட்களின் பேர்கள் வருகின்றன. சங்கீதம் 127இல் "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்ற வரியைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறார். ஒட்டியது கொஞ்சம் சரிந்து இருக்கிறது.

மாமியார் மே மாதம் வந்து ஒரு மாதம் தங்கப்போகிறார். அதை நினைத்து ஏப்ரல் கடைசியில் மறுபடி நாலு மணிக்கு எழும்பத் தொடங்கினார். இரண்டு கிழமையில் கொஞ்சம் குறைந்தது. எப்படிப் பேசுவது என்று இருவரும் ஒத்திகை பார்த்திருக்கிறோம்.

எனக்கு இப்போது கவலை மூத்தவளைப் பற்றித்தான். எழுத்தில் ஒரு பிழை வந்தால் அவள் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறாள். அம்மாவிடமிருந்து இறங்கியது. இதை முதலில் கண்டு எனக்குச் சொன்னதும் அம்மாதான். ஈஸ்டருக்கு அடுத்த கிழமை நான் போனபோது முன்வீட்டு ஆச்சி உறையில்லாத கதிரையில் இருந்தார். காலடியில் மணல். மூத்தவள் அவர் பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டே, கிழித்த பக்கத்தை ஆச்சியிடம் காட்டிக்கொண்டிருந்தாள். ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "வடிவா இருக்கே மோனே, ஏன் கிழிச்சனி?" என்று கேட்டார். பிள்ளையிடம் பதில் இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து அவளையும் சேர்த்துச் சந்திக்கிறோம்.